கல்வராயன் மலை நீர்நிலைச் சுற்றுலா

கல்வராயன் மலை நீர்நிலைச் சுற்றுலா என்பது தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அதனை ஒட்டிய சேலம் மாவட்டப் பகுதியிலும் உள்ள அணைகள், சிற்றேரிகள், அருவிகள் ஆகியவற்றைச் சார்ந்து மேற்கொள்ளப்படும் ஓய்வுப் பயணத்தைக் குறிக்கும். கோமுகி அணை, மணிமுக்தா அணை, கரியாலூர் படகுக் குழாம், பெரியார் அருவி, மேகம் அருவி, ஆத்தூர் அருகிலுள்ள முட்டல் ஏரி ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற பெரிய மலை வாழிடங்களைப் போல் இங்கு விடுதிகள் மிகுதியாக இல்லை. இங்குள்ள நீரின் பெரும்பகுதி வேளாண்மைக்கும் குடிநீருக்கும் உரியது. ஆகவே எந்தக் காலத்தில் செல்வது, எங்கே தங்குவது, என்ன செய்வது என்பனவற்றை மழையும் பாசனமும் தீர்மானிக்கின்றன.

பின்னணி

தமிழில் ஏரி என்னும் சொல் முதன்மையாகப் பாசனத்துக்காக மழைநீரைத் தேக்கும் நீர்நிலையைக் குறிக்கும். கரை, மதகு, கலிங்கு ஆகியவற்றைக் கொண்ட அந்நீர்நிலை ஊரின் வயல்களுக்காக அமைந்தது. ஓய்வுக்காகவும் படகு விடுவதற்காகவும் ஏரி அமைக்கும் வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மலை வாழிடங்களோடு வளர்ந்தது. உதகமண்டலம் ஏரி 1824 ஆம் ஆண்டு ஜான் சல்லிவன் முயற்சியாலும், கொடைக்கானல் ஏரி 1863 ஆம் ஆண்டு வெர் லெவிஞ்ச் முயற்சியாலும் உருவாயின. இவ்விரண்டும் ஓடைநீரைத் தடுத்து உண்டாக்கப்பட்ட செயற்கை ஏரிகளே.

கல்வராயன் மலை அவ்வாறான மலை வாழிடமாக வளரவில்லை. இம்மலைப்பகுதி நெடுங்காலம் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என மூன்று சாகிர்தார் மரபினரின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை அடைந்த பின்னரும் இந்நிலை தொடர்ந்து, 1976 ஆம் ஆண்டிலேயே மலை அரசின் நேரடி நிருவாகத்தின் கீழ் வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகிய வசதிகள் அதன் பிறகே படிப்படியாக மலையேறின. இன்று காணப்படும் சிறு படகுக் குழாம், பூங்கா, ஓய்வு விடுதி ஆகியன அண்மைக் காலத்தவை.

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தொடங்கப்பட்டது. கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை ஆகும். 2019 க்கு முன் எழுதப்பட்ட நூல்களில் இவ்விடங்கள் விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்க் குறிக்கப்பட்டிருக்கும்.

நிலமும் நீரோட்டமும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று. ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இத்தொடர், வடக்கே சின்னக் கல்வராயன் எனவும் தெற்கே பெரிய கல்வராயன் எனவும் இரு பிரிவாகக் கூறப்படும். அடிவாரத்தில் புதர்க்காடும், அதற்கு மேல் இலையுதிர் காடும், உயர்ந்த பள்ளத்தாக்குகளில் சோலைக்காடும் காணப்படுகின்றன. மலையின் வடபுறம் தென்பெண்ணையாற்றுப் படுகையும், தென்புறம் வெள்ளாற்றுப் படுகையும் அமைந்துள்ளன.

கோமுகி, மணிமுக்தா ஆகிய ஆறுகள் இம்மலையில் தோன்றி வெள்ளாற்றுப் படுகையில் சேர்கின்றன. வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே வங்காள விரிகுடாவில் கலக்கிறது. மலையில் பெய்யும் மழை முதலில் ஓடைகளிலும் அருவிகளிலும் தெரியும். பின்னர் அடிவாரத்து அணைகளில் தேங்கும். அங்கிருந்து வாய்க்கால் வழியே ஏரிகளுக்கும் வயல்களுக்கும் செல்லும். சுற்றுலாப் பயணி ஒரே நாளில் காணும் அருவியும் அணையும் வயலும் இவ்வாறு ஒரே நீரின் மூன்று நிலைகள் ஆகும். அருவியில் நீர் குறைந்த ஆண்டில் அணை நிரம்புவது அரிது. அணை நிரம்பாத ஆண்டில் கீழே நடவும் குறையும்.

முதன்மையான நீர்நிலைகள்

கோமுகி அணை

கள்ளக்குறிச்சியிலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், கச்சிராயபாளையத்தை அடுத்து மலையடிவாரத்தில் இவ்வணை அமைந்துள்ளது. 1960 களில் கட்டப்பட்டது. இதன் முழு நீர்மட்டம் 46 அடி; கொள்ளளவு ஏறத்தாழ 560 மில்லியன் கன அடி, அதாவது ஏறக்குறைய 1,590 கோடி லிட்டர். மேட்டூர் அணையின் கொள்ளளவான 93,470 மில்லியன் கன அடியோடு ஒப்பிட்டால் இது 167 இல் ஒரு பங்கே. எனினும் அடிவாரத்து ஊர்களின் நெல், கரும்பு சாகுபடிக்கு இதுவே ஆதாரம். பொட்டியம், மாயம்பாடி, கல்படை முதலிய மலை ஓடைகள் அணைக்கு நீர் தருகின்றன. மழைக்காலத்தில் பாதுகாப்புக் கருதி நீர்மட்டம் 44 அடியில் நிறுத்தப்பட்டு, மிகை நீர் ஆற்றில் விடப்படுவது வழக்கம்.

அணையை ஒட்டிப் பூங்கா உள்ளது. நீர்ப்பரப்புக்குப் பின்னால் மலைத்தொடர் எழும்பி நிற்பதால், காலையும் மாலையும் கரையோரம் அமர்ந்திருப்பதற்கு ஏற்ற இடமாகும். இது பாசன அணை. படகுப் பயணத்தை விரும்புவோர் மலைமேல் உள்ள கரியாலூருக்கே செல்வர்.

கரியாலூர் படகுக் குழாம்

கரியாலூர் மலைமேல் உள்ள சிற்றூர். இங்குள்ள சிறிய செயற்கை நீர்நிலையில் படகுக் குழாமும், அருகில் சிறுவர் பூங்காவும் அமைக்கப்பட்டுள்ளன. ஏற்காடு அல்லது கொடைக்கானல் ஏரியை எதிர்பார்த்து வருவோருக்கு இது மிகச் சிறியதாகத் தோன்றும். கூட்டமும் இரைச்சலும் குறைவு என்பதே இதன் சிறப்பு. நீர்மட்டம் தாழ்ந்தாலோ பராமரிப்புப் பணி நடந்தாலோ படகுகள் இயக்கப்படுவதில்லை. ஆதலால் படகுப் பயணத்துக்காகவே வருவோர் முன்னதாக விசாரித்துக்கொள்வது நல்லது.

மணிமுக்தா அணை

கள்ளக்குறிச்சிக்கு அருகில் சூளாங்குறிச்சிப் பகுதியில், மணி, முக்தா ஆகிய ஆறுகளின் நீரைத் தேக்கி அமைக்கப்பட்ட அணை. முழு நீர்மட்டம் 36 அடி. சமவெளியில் உள்ளமையால் இதன் நீர்ப்பரப்பு அகன்று ஆழம் குறைந்து காணப்படும். மலையேற இயலாத முதியோரும் சிறுவரும் உள்ள குடும்பத்தினருக்கு ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க இது ஏற்றது.

அருவிகள்

வெள்ளிமலை செல்லும் மலைப்பாதையில் பெரியார் அருவி உள்ளது. சாலையிலிருந்தே அணுகக்கூடியது என்பதால் விடுமுறை நாள்களில் இங்குக் கூட்டம் மிகும். மேகம் அருவியை அடையக் காட்டுவழியே நடக்க வேண்டும். வழி அறிந்தவர் துணையும் வனத்துறையின் இசைவும் இன்றி அங்குச் செல்லலாகாது.

முட்டல் ஏரி

சேலம் மாவட்டம் ஆத்தூர் அருகே, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் முட்டல் ஏரியும், அதற்கு அப்பால் ஆனைவாரி முட்டல் அருவியும் உள்ளன. இது வனத்துறையின் சூழல் சுற்றுலா இடமாகும். படகுப் பயணமும் தங்குவதற்கான குடில்களும் ஏரியை ஒட்டியே அமைந்திருப்பதால், ஏரிக்கரையில் தங்குதல் என்னும் பொருளுக்கு இம்மலைப் பகுதியில் மிக அருகில் வருவது இதுவே.

பருவம்

இப்பகுதி தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளாலும் நீர் பெறுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவமழைக் காலமே அணைகளை நிரப்புகிறது. காலத்தைத் தெரிவு செய்வதற்குக் கீழ்க்காணும் பகுப்பு உதவும்.

ஆகஸ்ட், செப்டம்பர்: மாலை மழையால் ஓடைகள் உயிர்பெறும், மலை பசுமையாக இருக்கும். அணைகள் நிரம்பத் தொடங்கும்.

அக்டோபர், நவம்பர்: அருவிகளில் நீர் மிகுந்திருக்கும். வெள்ள இடரும் இக்காலத்திலேயே மிகுதி. குளிப்பதற்குத் தடை விதிக்கப்படுவது உண்டு.

டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை: மழை ஓய்ந்து, நீர்நிலைகளில் நீர் இருக்கும், குளிரும் மிதமானது. ஓய்வுப் பயணத்துக்கு இதுவே மிகவும் ஏற்ற காலம்.

மார்ச் முதல் ஜூன் வரை: அணை நீர் பாசனத்துக்குச் செலவாகித் தாழ்ந்திருக்கும், அருவிகள் மெலியும். காட்டுத் தீ இடரும் உண்டு.

பள்ளி விடுமுறையை ஒட்டிப் பெரும்பாலான குடும்பங்கள் மே மாதத்தில் வருகின்றன. மாவட்ட நிருவாகம் சில ஆண்டுகளில் கோடை விழாவும் நடத்தியுள்ளது. சமவெளியின் வெயிலோடு ஒப்பிட மலைமேல் இதமாக இருப்பினும், நீரை நாடி வருவோர் அம்மாதத்தில் ஏமாற்றம் அடைவதுண்டு. மே மாதப் பயணத்தை மலைக்காற்றுக்கான பயணமாகக் கொள்வதே பொருந்தும்.

தங்கும் இடங்கள்

கள்ளக்குறிச்சி நகரம்: எல்லாத் தரத்திலும் விடுதிகளும் உணவகங்களும் உள்ளன. இங்குத் தங்கி, காலையில் மலையேறி, மாலையில் இறங்குவதே பெரும்பாலோர் வழக்கம். வெள்ளிமலை ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளதால் இது இயலும். எனினும் மலையின் விடியலையும் இரவையும் இவ்வாறு வருவோர் இழந்துவிடுகின்றனர்.

கரியாலூர்: வனத்துறையின் ஓய்வு விடுதி உள்ளது. அறைகள் மிகச் சில. அரசு அலுவலர்களின் பணிப் பயணத்துக்கும் இவை தேவைப்படுவதால், மாவட்ட வன அலுவலகத்தில் முன்பதிவு செய்து உறுதி பெற்ற பின்னரே புறப்பட வேண்டும்.

முட்டல்: வனத்துறைக் குடில்கள். இதற்கும் முன்பதிவு தேவை. இடம் கிடைக்காதோர் ஆத்தூர் நகர விடுதிகளில் தங்கலாம்.

அணைக்கரையிலும் காட்டுக்குள்ளும் கூடாரமிட்டுத் தங்குவது ஏற்புடையதன்று. அணைப்பகுதி நீர்வளத்துறையின் பொறுப்பிலும், காடு வனத்துறையின் பொறுப்பிலும் உள்ளன. ஏரிக்கரையில் நல்ல விடுதி வேண்டும் என்பதையே முதன்மையாகக் கருதுவோருக்கு ஏற்காடு பொருத்தமானது. அங்கு ஏரிக்கு அருகிலேயே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி உள்ளது.

போக்குவரத்து

கள்ளக்குறிச்சி சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் உள்ளது. சென்னை, சேலம், விழுப்புரம் ஆகிய ஊர்களிலிருந்து பேருந்தில் அடையலாம். அருகிலுள்ள தொடர்வண்டி நிலையம் சேலம் – விருத்தாசலம் பாதையில் உள்ள சின்னசேலம் ஆகும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு அரசுப் பேருந்துகள் செல்கின்றன. மலைப் பேருந்துகளின் எண்ணிக்கை குறைவு. கடைசிப் பேருந்து எப்போது திரும்பும் என்பதை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டறிவது நன்று.

கச்சிராயபாளையத்தில் கள்ளக்குறிச்சி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுள் ஒன்று உள்ளது. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய வண்டிகள் சாலையில் மிகுந்திருக்கும். கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையில் இருட்டிய பின் வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். எரிபொருளும், பணமும், வேண்டிய மருந்துகளும் அடிவாரத்திலேயே பெற்றுக்கொள்வது நல்லது. மலையின் பல இடங்களில் கைப்பேசி இணைப்புக் கிடைப்பதில்லை.

செய்யத்தக்கவை

ஒரே நாளில் எல்லா இடங்களையும் பார்க்க முயல்வது இங்கு அலைச்சலையே தரும். இரண்டு நாள் தங்குவோர் முதல் நாள் காலையில் கோமுகி அணையைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் மலையேறி, வழியில் அருவியைக் கண்டு, நண்பகலுக்குள் கரியாலூரை அடையலாம். மாலையில் படகுப் பயணமும் சிற்றூர்ச் சாலைகளில் நடையும் போதுமானவை. மறுநாள் விடியலில் பனி விலகும் வேளையில் நடந்து, வெள்ளிமலையைப் பார்த்து, மாலைக்குள் இறங்கலாம்.

பறவை நோக்குதல்: நீர்நிலையும் காடும் அடுத்தடுத்து இருப்பதால், மீன்கொத்தி, கொக்கு, நீர்க்காகம் போன்ற நீர்ப்பறவைகளையும் மரங்கொத்தி, குக்குறுவான் போன்ற காட்டுப்பறவைகளையும் ஒரே காலையில் காணலாம்.

மலைப் பொருள்கள்: சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியன இங்கு விளைகின்றன. கடுக்காய், தேன், புளி ஆகியன சேகரிக்கப்படுகின்றன. கல்வராயன் மலைக் கடுக்காய் பெயர் பெற்றது. இவற்றை மலையிலேயே, விளைவித்தவரிடம் அல்லது சேகரித்தவரிடம் வாங்கினால் பணம் அவர்களுக்கு நேரே சேரும்.

மரச்சிற்பம்: கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதிகளில் மரச்சிற்பத் தொழில் நடைபெறுகிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றதாகும். திரும்பும் வழியில் பட்டறைகளைப் பார்வையிடலாம்.

பாதுகாப்பு

மலை ஓடைகளின் இயல்பை அறியாமையே இங்கு நேரும் இடர்களுக்கு முதன்மைக் காரணம். பயணி நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மேலே சில கிலோமீட்டர் தொலைவில் பெருமழை பெய்திருக்கலாம். அந்நீர் குறுகிய பாறைப் பள்ளங்களின் வழியே சேர்ந்து சில நிமிடங்களில் அருவியை அடையும். 2021 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஆனைவாரி முட்டல் அருவியில் இவ்வாறு திடீர் வெள்ளம் பெருகியது. பாறையில் சிக்கிக்கொண்ட தாயும் கைக்குழந்தையும் கயிற்றின் உதவியால் மீட்கப்பட்டனர். மீட்டவர்களுள் இருவர் நீரில் விழுந்து நீந்திக் கரையேறினர். இக்காட்சி பதிவாகி நாடெங்கும் பரவியது.

நீர் திடீரெனக் கலங்குதல், சருகும் குச்சியும் மிதந்து வருதல், ஓசை கூடுதல் ஆகியன வெள்ளம் வருவதன் அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டவுடன் பொருள்களை விட்டுவிட்டேனும் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஓடையைக் கடந்து மறுகரைக்குச் செல்ல முயலக் கூடாது.

அணைகளில் இடர் வேறுவகையானது. நீரின் மேற்பரப்பு அமைதியாகத் தோன்றினும், அடியில் சேறும், திடீர்ப் பள்ளமும், மதகுகளின் அருகே இழுவையும் இருக்கும். நீச்சல் அறிந்தோரும் இவற்றில் சிக்குவதுண்டு. மிகை நீர் திறக்கப்படும்போது அணைக்குக் கீழுள்ள ஆற்றுப் படுகை விரைவில் நிரம்பும். 2024 ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையின்போது, மலைக்கு வடக்கே தென்பெண்ணையாற்றில் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் வெளியேறி, கரையோர ஊர்களில் பெருவெள்ளம் ஏற்பட்டது. வெள்ள எச்சரிக்கை விடப்பட்ட நாள்களில் ஆற்றங்கரைக்குச் செல்வதை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

கோடையில் காட்டுக்குள் தீ மூட்டுதல் கூடாது. 2018 ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் சென்றோர் பலர் காட்டுத் தீயில் உயிரிழந்த பின், தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிகள் வகுக்கப்பட்டன. இசைவு பெறாமல் காட்டு வழிகளில் செல்வது சட்டப்படி குற்றமாகும்.

மலைவாழ் மக்களும் நீரும்

கல்வராயன் மலையின் மக்களுள் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இச்சொல் மலையில் வாழ்பவர் என்னும் பொருளுடையது. கேரள மக்களைக் குறிக்கும் சொல்லோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. இவர்கள் தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினர் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக் கதை.

நிலமும் மழையும் போதாத காலங்களில் பலர் வேலை தேடி வெளியூர்களுக்குச் செல்கின்றனர். 2024 ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி 60 க்கும் மேற்பட்டோர் இறந்ததைத் தொடர்ந்து, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், கல்வி ஆகிய அடிப்படை வசதிகளின் குறை அவ்விசாரணையில் பேசப்பட்டது. சுற்றுலா இம்மக்களுக்கு ஒரு வருவாய் வழியாகலாம் என்னும் எதிர்பார்ப்பு உண்டு. அவ்வருவாய் மலையில் தங்குமா, வெளியாருடைய விடுதிகளுக்குச் செல்லுமா என்பது, வருவோர் எங்கே உண்கின்றனர், யாரிடம் வாங்குகின்றனர், யாரை வழிகாட்டியாக அழைக்கின்றனர் என்பதைப் பொறுத்தது.

நீரைப் பொறுத்தும் இவ்வாறே. பயணி குளிக்கும் ஓடை கீழே உள்ள ஊரின் குடிநீராக இருக்கக்கூடும். ஆகையால் ஓடைகளில் சவர்க்காரம், எண்ணெய், சீயக்காய் ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாது. கண்ணாடிக் குப்பிகளைப் பாறைகளில் உடைப்பது, வெறுங்காலுடன் நடப்போரையும் கால்நடைகளையும் காயப்படுத்தும். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஆம் ஆண்டு சனவரி 1 முதல் தடை உள்ளது. மலைமேல் விடப்படும் நெகிழி மழையோடு இறங்கி அணையின் மதகையும் வயல் வாய்க்காலையும் அடைக்கிறது. கொண்டு சென்றதைத் திரும்பக் கொண்டு வருதலே இங்கு முறையாகும்.